ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு, ஊர் ஊராகப் போன மதிய உணவு: காமராஜர் வாழ்க்கையும் சிவகாசிக் குழந்தைகளும் - முழு விவரம்

ஜூலை 15 வந்தால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். காமராஜர் படத்துக்கு மாலை, பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, கடைசியில் ஒரு மிட்டாய். வருஷா வருஷம் நடப்பதுதான்.

ஆனா அவர் பெயர் இன்னொரு இடத்திலும் இருக்கிறது. அது மாலை போடும் இடம் இல்லை. 1996 டிசம்பர் 10-ம் தேதி குழந்தைத் தொழிலாளர் பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. வழக்கு, சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை பார்த்த குழந்தைகளைப் பற்றியது. அன்றைக்கு சிவகாசி இருந்த மாவட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? காமராஜர் மாவட்டம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரவைத்தவர் என்று நாம் கொண்டாடும் மனிதரின் பெயர், பிள்ளைகள் வேலைக்குப் போன மாவட்டத்துக்கு. இது எப்படி நடந்தது? அவருடைய திட்டம் தோற்றுப்போனதா? அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பொறுமையாகத் திரும்பிப் பார்த்தால் பதில் கிடைக்கும். இன்றைக்கு ஒரு குழந்தையை வேலையிலிருந்தோ, கொடுமையிலிருந்தோ மீட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்

• காமராஜர் பிறந்தது 1903 ஜூலை 15, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்). மறைந்தது 1975 அக்டோபர் 2.
• சிறு வயதில் தந்தையை இழந்தவர். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கடை வேலைக்குப் போனவர்.
• 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். பக்கத்திலேயே பள்ளி, கட்டணம் இல்லாத படிப்பு, மதிய உணவு, சீருடை என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டுவந்தார்.
• அவர் தொகுதி அமைந்திருந்த தீப்பெட்டி வட்டாரத்திலேயே குழந்தைத் தொழில் அவர் காலத்துக்குப் பிறகும் தொடர்ந்தது.
• பின்னாளில் அதைக் குறைத்த திட்டங்களிலும் அவருடைய அதே வழிதான் இருந்தது: தடை மட்டும் போதாது, குழந்தைக்குச் சாப்பாடும் குடும்பத்துக்குக் கைப்பிடியும் வேண்டும்.

விருதுபட்டியில் ஒரு வீடு

அப்பா குமாரசாமி நாடார், தேங்காய் வியாபாரி. அம்மா சிவகாமி அம்மாள். குலதெய்வத்தின் பெயரான காமாட்சி என்பதுதான் முதலில் வைத்த பெயர். அம்மா செல்லமாக ராஜா என்று கூப்பிட, இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது. தங்கை நாகம்மாள். பாட்டி பார்வதி அம்மாள்.

பையனுக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா இறந்துபோனார். சம்பாதிக்கும் ஆள் போய்விட்டால் ஒரு வீடு என்ன ஆகும் என்று விருதுநகர், சிவகாசிப் பக்கம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பட்டாசு விபத்து நடக்கும்போதெல்லாம் நாம் செய்தியாகப் படிக்கும் அதே நிலைமைதான்.

சிவகாமி அம்மாள் கம்மலைத் தவிர மற்ற நகைகளைக் கழற்றி உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்துவைத்தார், அதில் மாதாமாதம் வந்த வட்டியில்தான் குடும்பம் ஓடியது என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. இந்த விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பின்பகுதியில் இதே போன்ற ஒன்று மறுபடி வரும்.

படித்தது முதலில் ஏனாதி நாராயண வித்யாசாலை, பிறகு சத்திரிய வித்யாசாலை. இரண்டாவது பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1889-ல் உள்ளூர் நாடார் சமூகத்தினர் சேர்ந்து தொடங்கிய பள்ளி அது. வியாபாரிகள் கொடுத்த மகமைப் பணமும், வீட்டுக்கு வீடு சேர்த்த பிடி அரிசியும் அந்தப் பள்ளிக்குத் துணையாக இருந்தன. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைப்பார்கள். அதைச் சேர்த்துப் பள்ளிச் செலவுக்குப் பயன்படுத்துவார்கள். ஊரே ஒரு பிடி ஒரு பிடியாகக் கொடுத்து நடத்திய பள்ளியில் இலவசமாகப் படித்த பையன்தான் பின்னாளில் ஊரைக் கேட்டு மதிய உணவு போட்டவர்.

ஆனா இலவசப் படிப்பு இருந்தும் அவர் படிப்பைத் தொடரவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டார். தாய்மாமன் கருப்பையா நாடாரின் ஜவுளிக்கடையில் வேலை. கட்டணம் இல்லை என்பதால் மட்டும் ஒரு பிள்ளை பள்ளியில் தங்கிவிடாது என்பதற்கு முதல் சாட்சி காமராஜரே.

கடையிலிருந்து கட்சிக்கு

அரசியல் பகுதி எல்லாருக்கும் ஓரளவு தெரியும் என்பதால் வேகமாகப் பார்த்துவிடலாம்.

1919-ல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தபோது அவருக்கு வயது 15. கடையில் உட்கார்ந்த நேரத்தைவிடக் கூட்டங்களுக்குப் போன நேரம் அதிகமானது. வீட்டில் பயந்துபோய், இன்னொரு மாமாவின் மரக்கடைக்குத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே போயும் வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டார். 1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம், கைது, சிறை. மொத்தத்தில் ஒன்பது ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட சிறையில் கழித்தவர். படிக்காமல் விட்ட படிப்பில் நிறைய அங்கேதான் படித்தார்.

1937-ல் சட்டமன்ற உறுப்பினர். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். 1941-ல் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்வானார். வெளியே வந்ததும் அந்தப் பதவியை விட்டுவிட்டார். 1954 ஏப்ரல் 13-ல் சென்னை மாநில முதலமைச்சர்.

முதல் வேலை என்ன?

அதற்கு முந்தைய ஆண்டு, அதாவது 1953-ல், ராஜாஜி அரசு ஒரு புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். எதிர்த்தவர்கள் வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். பெரிய போராட்டமே நடந்தது. காமராஜர் பதவிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

சாதி அரசியல் என்ற கோணத்தில்தான் இதை வழக்கமாகப் பேசுவோம். குழந்தைகளின் பக்கம் இருந்து பார்த்தாலும் இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. பாதி நாள் வேலை என்று அரசே எழுதிக்கொடுத்துவிட்டால், பிறகு எந்தப் பிள்ளை வேலை செய்கிறது, எது கற்றுக்கொள்கிறது என்று யார் பிரிப்பது? குழந்தையின் பகல் முழுவதும் பள்ளிக்குச் சொந்தம் என்ற கோடு அங்கே போடப்பட்டது.

அடுத்தது பள்ளிகள். ஒரு மைல் தூரத்துக்குள் தொடக்கப் பள்ளி என்பது இலக்கு. ஓராசிரியர் பள்ளியாக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் கதவு திறக்கட்டும் என்று திறந்தார்கள். அவர் ஆட்சிக்காலத்தில் தொடக்கப் பள்ளிகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. இதை நடைமுறைப்படுத்தியதில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலுவின் பங்கு பெரியது.

மதிய உணவு: எப்படித் தொடங்கியது?

பள்ளி இருக்கு, கட்டணம் இல்லை. அப்படியும் பிள்ளைகள் வரவில்லை. காரணம் எளிமையானது, பசி. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனைக் காமராஜர் வழியில் சந்தித்ததாக ஒரு கதை சொல்வார்கள். மேடைக்கு மேடை அது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அதை விட்டுவிடலாம். கதையே இல்லாவிட்டாலும், பிடி அரிசிப் பள்ளியில் படித்து, வறுமையில் படிப்பை நிறுத்தியவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பள்ளியில் சாப்பாடு என்பது அவர் கண்டுபிடித்தது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1920-லேயே நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் முயற்சியில் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. அது ஒரு நகரத்துக்குள் நடந்தது. மாநிலம் முழுக்கக் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது 1956-ல் காமராஜர் அரசு.

அதற்குப் பணம்? அரசுக் கஜானாவில் போதவில்லை. அதனால் முதலில் ஊர் மக்களிடமே கேட்டார்கள். நெல், பருப்பு, காய்கறி, விறகு, பாத்திரம் என்று யாரால் எது முடியுமோ அது. பிறகு செலவில் பெரும்பகுதியை அரசும், மீதியை உள்ளூரும் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. 1961-லிருந்து கேர் என்ற அமெரிக்க உதவி நிறுவனமும் உணவுப் பொருட்கள் கொடுத்தது. 1958-லிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, சீருடை என்று ஊராரே தங்கள் பள்ளிக்குக் கொடுக்கவைத்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் பள்ளி இறுதி வகுப்பு வரை இலவசக் கல்வி வந்தது.

இதுக்கும் குழந்தைக் கொடுமைக்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. குழந்தைக் கொடுமை என்றதும் நமக்கு அடி, சூடு, பாலியல் தொல்லை இவைதான் ஞாபகம் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கம் அதைவிட அகலமானது. உடல், மன, பாலியல் துன்புறுத்தலோடு, குழந்தையைக் கவனிக்காமல் விடுவதும், லாபத்துக்காகக் குழந்தையைச் சுரண்டுவதும் அதில் அடங்கும். அப்படிப் பார்த்தால் ரசாயனத்துக்கு நடுவே உட்காரவைக்கப்பட்ட பத்து வயதுப் பிள்ளையும் கொடுமைக்கு உள்ளான குழந்தைதான். அதன் பெற்றோர் அன்பில்லாதவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பல நேரம் வழியில்லாதவர்கள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் செய்யும் வேலையும் படிப்பு மட்டும் இல்லை. தினமும் வரும் பிள்ளை நான்கு நாள் வரவில்லை என்றால் கவனிக்க ஒரு ஆசிரியர் இருக்கிறார். கையில் தீக்காயம் இருந்தால் பார்க்கிறவர் இருக்கிறார். சாப்பிடாமல் ஒதுங்கி உட்கார்ந்தால் ஆயாம்மா கேட்பார். பள்ளிக்கு வராத குழந்தையை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காத குழந்தைக்கு மருத்துவரும் இல்லை, உதவியும் இல்லை. மதிய உணவு செய்த பெரிய காரியம் இது: குழந்தையை நாலு பேர் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவந்தது.

அப்போ சிவகாசியில் என்ன நடந்தது?

இங்கேதான் கதை சிக்கலாகிறது.

1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923-ல் தொழில் தொடங்கியது. மழை குறைந்த கரிசல் பூமி. விவசாயத்தை நம்ப முடியாது. அப்படிப்பட்ட ஊருக்குத் தீப்பெட்டியும், பிறகு பட்டாசும், அச்சகமும் சோறு போட்டன. குட்டி ஜப்பான் என்ற பெயர் சும்மா வரவில்லை. இதை மறந்துவிட்டு சிவகாசியைத் திட்டுவது சுலபம்.

ஆனா அந்தத் தொழிலில் குழந்தைகளும் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள், தீப்பெட்டி ஆபீஸ். சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, பெட்டியில் குச்சி அடைப்பது எல்லாம் சின்னக் கைகளுக்கு வேகமாக வரும் வேலை என்று வைத்திருந்தார்கள். கூலி நாள் கணக்கில் இல்லை, எவ்வளவு முடித்தாயோ அவ்வளவு. அதனால் ஒரு வீட்டில் எத்தனை கை இருக்கோ அத்தனையும் வேலைக்குப் போனது. குடும்பம் முன்பணம் வாங்கியிருந்தால் பிள்ளை வேலைக்கு வந்தே ஆக வேண்டும். பின்னாளில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு ஆலை வண்டிகள் விடியும் முன்பே வந்து பிள்ளைகளை ஏற்றிப்போயின.

உடம்புக்கு? தரையில் குனிந்தபடியே மணிக்கணக்கில் உட்கார்ந்ததால் முதுகு வலி. ரசாயனத் தூசியும் புகையும் சேர்ந்து இருமல், மூச்சுத் தொல்லை, கண் எரிச்சல். எப்போது வேண்டுமானாலும் தீக்காயம்.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1938-லேயே வந்த குழந்தைகள் வேலைவாய்ப்புச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறுவர்களை வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தினர் சேர்ந்து செய்யும் பட்டறைக்கு விலக்கு உண்டு. சிறிய ஆலைகளுக்கு வரிச்சலுகை இருந்ததால் வேலை சின்னச் சின்ன இடங்களுக்கும் வீடுகளுக்கும் பிரிந்துபோனது. ஆய்வாளர் எத்தனை வாசலில்தான் போய் நிற்பார்?

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1957-லும் 1962-லும் காமராஜர் வென்றது சாத்தூர் தொகுதியில். சாத்தூரும் தீப்பெட்டி ஊர்தான். முதலமைச்சர் தொகுதியே தீப்பெட்டி வட்டாரத்துக்குள் இருந்தது. அப்படியும் அந்தத் தொழிலை விட்டுக் குழந்தைகள் முழுசாக வெளியே வரவில்லை.

மதிய உணவு ஏன் அங்கே ஜெயிக்கவில்லை?

வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். பள்ளி ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தது, அதுவும் அந்தப் பிள்ளைக்கு மட்டும். ஆபீஸ் கூலி கொடுத்தது, அது வீடு முழுக்கச் சாப்பிட உதவியது. வேலை கிடைக்காத கிராமத்தில் பள்ளிச் சாப்பாடு ஜெயித்தது. ஆனா குழந்தைக்கே வேலை தயாராக இருந்த ஊரில், சாப்பாடு மட்டும் போதவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒழுங்கான கூலி, மழை இல்லாத மாதத்துக்கு ஒரு வழி, அப்பா இறந்துபோனால் ஒரு கைப்பிடி, இவையும் சேர்ந்து தேவைப்பட்டன.

யோசித்துப் பாருங்கள், சிறுவன் காமராஜரின் கணக்கும் இதேதான். பள்ளி இலவசம். ஆனாலும் அப்பா இல்லாத வீட்டுப் பையன் கடைக்குப் போனான்.

கடைசி ஆண்டுகள்

1963-ல் மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற தன் திட்டப்படி, அக்டோபர் 2-ல் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். 1964-ல் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். நேருவுக்குப் பிறகு லால் பகதூர் சாஸ்திரி, அவருக்குப் பிறகு இந்திரா காந்தி என்று இரண்டு பிரதமர்கள் தேர்வில் அவர் சொல் எடுபட்டது.

1967-ல் சொந்த ஊரான விருதுநகரில் போட்டியிட்டு, தி.மு.க. மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாளில் மறைந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொத்தும் சேர்க்கவில்லை. 1976-ல் பாரத ரத்னா.

அவர் பெயர் வைத்த மாவட்டம்

அவர் மறைந்த மறு ஆண்டு, 1976-ல், தீப்பெட்டி ஆலைக்குக் குழந்தைகளை ஏற்றிப்போன பேருந்து ஒன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பல குழந்தைகள் இறந்தார்கள். சிவகாசியின் குழந்தைத் தொழிலை நாடு திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

1986-ல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1985 மார்ச் 15-ல் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்துக் காமராஜர் மாவட்டம் உருவானது. 1985 டிசம்பர் 31 நிலவரப்படி, அந்தப் பகுதியில் பதிவு பெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர்கள், அவர்களில் 2,941 பேர் குழந்தைகள் என்று அரசுத் தரப்பே நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. பதிவு இல்லாத பட்டறைகளும், வீட்டுத் திண்ணைகளும் இதில் இல்லை. 1986-ல் புதிய குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது.

1996 தீர்ப்பு சொன்னதைக் கவனியுங்கள். ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்திருந்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு வேலை கொடுக்க அரசு முயல வேண்டும். முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும். இந்தப் பணம் குழந்தையின் பெயரில் நிதியாக இருக்கும். அதில் வரும் வருமானம் குடும்பத்துக்கு. நிபந்தனை ஒன்றுதான், குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும்.

சிவகாமி அம்மாள் நகைகளைக் கொடுத்து, மாதாமாதம் வட்டி வாங்கிக் குடும்பம் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட 90 வருஷத்துக்கு முன் விருதுபட்டியில் ஒரு விதவைத் தாய் தன் நகையை வைத்துச் செய்ததை, இப்போது முதலாளியும் அரசும் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

அதற்கு முன்பே, 1988-ல், தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட பகுதிகளில் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து வெளியே வந்த குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளி, மதிய உணவு, மாத உதவித்தொகை, மருத்துவப் பரிசோதனை. இதோடு 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் கிராமம் கிராமமாக வேரூன்றியிருந்தது. சட்டம், சோதனை, பள்ளி, சாப்பாடு, குடும்பத்துக்குப் பணம், வெளிநாட்டிலிருந்து வந்த அழுத்தம் எல்லாம் சேர்ந்துதான் நிலைமையை மாற்றின. இன்றைக்கு ஆலை வாசலில் பழைய மாதிரி குழந்தைகள் வரிசையாக நிற்பதில்லை.

1997-ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது, அது விருதுநகர் மாவட்டம் ஆனது.

இப்போது என்ன நிலை?

2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற விலக்கு மட்டும் இன்னும் இருக்கிறது. 1938-ல் இருந்த அதே சந்து, கொஞ்சம் குறுகலாக. பட்டாசு வேலையை வீட்டில் வைத்துச் செய்வது எந்த விலக்கிலும் வராது என்பதையும் தெரிஞ்சுக்கோங்க.

இன்னொரு கேள்வி, விபத்தில் பெற்றோரை இழக்கும் குழந்தைகள். ஆறு வயதில் அப்பாவை இழந்த பையனின் நிலைமை இந்த வட்டாரத்தில் இன்றும் திரும்பத் திரும்ப வருகிறது. பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15-ல், காமராஜர் பிறந்தநாளில், ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது.

ஒரு குழந்தையை மீட்டால் அடுத்து என்ன நடக்க வேண்டும்?

செய்தியில் மீட்பு என்ற வார்த்தையோடு முடித்துவிடுகிறோம். குழந்தைக்கு அங்கேதான் ஆரம்பம். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி நடக்க வேண்டியது இது:

• மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது.
• மருத்துவப் பரிசோதனை. காயம் மட்டும் இல்லை, சத்துக்குறைவு, மூச்சுப் பிரச்சினை, மனநிலை எல்லாம் பார்க்க வேண்டும்.
• வீட்டு நிலைமை பற்றிய விசாரணை. ஏன் வேலைக்கு வந்தது, கடன் இருக்கா, வீட்டில் அடி இருக்கா என்று தெரியாமல் வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த மாதம் அதே குழந்தை வேறு இடத்தில் வேலையில் இருக்கும்.
• வீடு பாதுகாப்பானது என்றால் வீடு, இல்லை என்றால் இல்லம். எதுவானாலும் பள்ளிச் சேர்க்கை.
• தகுதியுள்ள குழந்தை வீட்டிலேயே இருந்து படிக்க, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு வழி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம்.

இந்தப் பட்டியலைக் காமராஜர் காலத்தோடு வைத்துப் பாருங்கள். பள்ளி, சாப்பாடு, குடும்பத்துக்குக் கைப்பிடி, கூடவே மருத்துவமும் மனநல உதவியும். முதல் இரண்டையும் அவர் ஊர் ஊராகக் கொண்டுபோனார். மூன்றாவதும் நான்காவதும் ஒழுங்காகக் கிடைக்காத இடத்தில்தான் இன்றும் பிள்ளைகள் நழுவிப்போகிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஒரு குழந்தை வேலையில் இருப்பதையோ, அடி வாங்குவதையோ, தொல்லைக்கு உள்ளாவதையோ பார்த்தால் 1098-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை. சந்தேகமாக இருந்தாலும் சொல்லலாம், உண்மையா என்று விசாரிப்பது அவர்கள் வேலை. உடனடி ஆபத்து என்றால் 112.

குழந்தையின் படத்தையோ பெயரையோ வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில் போட்டாலும், அடையாளத்தை வெளியிடுவது குற்றம். அந்தப் பிள்ளை நாளைக்கு அதே ஊரில்தான் பள்ளிக்குப் போக வேண்டும்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு பிள்ளை திடீரென்று வராமல் நின்றுவிட்டால், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நூறு வருஷத்துக்கும் முன்பு விருதுபட்டியில் ஆறாம் வகுப்போடு நின்ற பையன் அரசியலுக்குப் போய் முதலமைச்சரானார். அப்படி நின்றுபோன மற்ற பிள்ளைகள் பெரும்பாலும் வேலையிலேயே வளர்ந்து, வேலையிலேயே முடிந்துபோனார்கள். அவர்கள் பெயரில் எந்த மாவட்டமும் இல்லை.